சரக்கு நனைந்தது, வட்டி நனையவில்லை



2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18 ஆகிய இரு நாட்களை நெல்லைச் சீமையில் கடை வைத்திருக்கும் எவரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன், கொக்கிரகுளம் பக்கமெல்லாம் ஊருக்குள் புகுந்தது. நம்மில் பலர் 1992ஆம் ஆண்டு வெள்ளத்தையும் பார்த்தவர்கள். அதைவிட இது பெரிது என்று வயதானவர்களே சொன்னார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரரைப் பார்க்கப் போனோம். ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அரிசி மூட்டைகள் ஊறி வெடித்துக் கிடந்தன. சீனி மூட்டை இருந்த இடத்தில் சாக்கு மட்டும்தான் இருந்தது. பயறு முளை விட ஆரம்பித்திருந்தது. நம்மைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, உங்க பாக்கிய எப்படியும் தந்துருவேன். கொஞ்சம் தவணை குடுங்க. ஆனா தண்டல்காரன் காலையிலயே வந்துட்டுப் போயிட்டான். மழை பெஞ்சா எனக்கென்ன, நாளு நாளுதான்னு சொல்லுதான்."

"தம்பி, நம்ம பாக்கி இருக்கட்டும். முதல்ல கடையக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு வந்தோம். ஆனால் அவர் சொன்ன அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. நாள் நாள்தான். சரக்கு நனைந்தது, கணக்குப் புத்தகம் நனைந்தது, கல்லாவில் இருந்த நோட்டும் நனைந்தது. வட்டி ஒன்றுதான் நனையாமல் நின்றது.

அந்த நேரத்தில்தான் ஒரு பொருளாதார அறிஞரின் ஆராய்ச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டோம். நமது நண்பர் ஒருவரின் மகன் கல்லூரியில் பொருளாதாரம் கற்பிப்பவர். நம் புலம்பலைக் கேட்டுவிட்டு, "மாமா, நீங்க கேக்குற கேள்விய ஒருத்தர் வாழ்நாள் பூராவும் கேட்டிருக்காரு" என்று சொல்லி, பல மாலைகள் நம்மோடு உட்கார்ந்து விளக்கினார். நாம் எஸ்.எஸ்.எல்.சி.யோடு மண்டியில் வந்து உட்கார்ந்தவர்கள். நமக்கு விளங்கிய அளவில், வியாபாரிகளுக்கு விளங்கும் பாஷையில் அதை இங்கே எழுதுகிறோம்.

அலிகாரில் ஓர் ஆசிரியர்

அந்த அறிஞரின் பெயர் முகம்மது நஜாத்துல்லாஹ் சித்தீகி. 1931இல் கோரக்பூரில் பிறந்தவர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றியவர். பின்னர் சவூதி அரேபியாவில் ஜித்தாவிலுள்ள மன்னர் அப்துல் அஜீஸ் பல்கலைக்கழகத்திலும் ஆராய்ச்சி செய்தார். 1982இல் மன்னர் ஃபைசல் சர்வதேசப் பரிசு பெற்றார். 2022 நவம்பரில் காலமானார்.

வட்டியில்லாத வங்கி எப்படி இயங்க முடியும் என்று அவர் உருது மொழியில் எழுதிய நூல் 1969இல் வெளிவந்தது. 1973இல் அது ஆங்கிலத்தில் வந்தது. இந்தத் துறையில் பின்னால் எழுதிய பலரும் அந்த நூலைத் தொட்டுத்தான் பேசியிருக்கிறார்கள். இன்று உலகெங்கும் இஸ்லாமிய வங்கி என்ற பெயரில் நடப்பவற்றுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த சிலரில் ஒருவர் நம் நாட்டுக்காரர் என்பது நம் வணிகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இது ஒரு மதத்தாரின் சமாச்சாரம், நமக்கென்ன என்று சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. வட்டியை விலக்கியதற்கு அவர் மார்க்க நெறியைக் காரணமாகக் கொண்டார், அது உண்மை. ஆனால் அவர் போட்ட கணக்கு வியாபாரக் கணக்கு. முதல் போட்டவன் யார், உழைத்தவன் யார், நஷ்டம் வந்தால் யார் தலையில் விழ வேண்டும் என்பதே கேள்வி. மேலப்பாளையத்தில் கடை வைத்திருந்தாலும், டவுன் ரத வீதியில் கடை வைத்திருந்தாலும் இந்தக் கேள்வி எல்லோருக்கும் பொதுவானதுதான்.

முதலும் உழைப்பும்

சித்தீகி சொன்ன ஏற்பாட்டின் அடிப்படை முதாரபா எனப்படும் பங்கு முறை. ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். லாபத்தை முன்கூட்டியே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்கிறார்கள். நஷ்டம் வந்தால் அது முதல் போட்டவரைச் சேரும். உழைத்தவருக்கு அவருடைய உழைப்பு வீணாகும். உழைத்தவர் கவனக்குறைவாகவோ மோசடியாகவோ நடந்திருந்தால் மட்டும் அவர் பொறுப்பேற்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 லட்சம் ரூபாய் முதல். லாபத்தில் முதலுக்கு 60 பங்கு, உழைப்புக்கு 40 பங்கு என்று பேச்சு. ஆண்டு முடிவில் 2 லட்சம் லாபம் என்றால் முதல் போட்டவருக்கு 1,20,000, உழைத்தவருக்கு 80,000. லாபம் 50,000தான் என்றால் 30,000, 20,000. வெள்ளம் வந்து ஒரு லட்சம் நஷ்டம் என்றால் முதல் 9 லட்சமாகக் குறையும், உழைத்தவர் கையை வீசிக்கொண்டு போவார். அதே 10 லட்சத்தை நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு வாங்கியிருந்தால், லாபமோ நஷ்டமோ, ஆண்டுக்கு 1,80,000 வட்டியை எடுத்து வைத்தாக வேண்டும்.

வங்கியையும் இதே முறையில் அமைக்கலாம் என்பது அவருடைய வாதம். பணம் போடுகிறவர்கள் வங்கியோடு பங்கு சேர்கிறார்கள். வங்கி அந்தப் பணத்தைத் தொழில் செய்கிறவரோடு பங்கு சேர்க்கிறது. தொழிலில் வரும் லாபம் இரண்டு படி இறங்கிப் பணம் போட்டவரிடம் வந்து சேருகிறது. நஷ்டமும் அதே வழியாகத்தான் வரும். இதனால் கடன் கொடுக்கிறவருக்கும் தொழில் பிழைக்க வேண்டும் என்ற அக்கறை வருகிறது என்றார்.

சர்வதேச நிதியத்தைச் சேர்ந்த மோசின் கான் என்ற பொருளாதார அறிஞர் 1986இல் இதையே வேறொரு கோணத்தில் ஆராய்ந்தார். வங்கி கொடுத்த பணம் முடங்கினாலும், போட்டவர்களுக்கு முழுத் தொகையையும் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருப்பதால் வங்கி ஆட்டம் காண்கிறது. போட்டவர்களும் நஷ்டத்தில் பங்கு கொள்ளும் ஏற்பாட்டில் அதிர்ச்சியைத் தாங்கும் சக்தி கூடுதலாக இருக்கும் என்பது அவருடைய முடிவு.

நம் தகப்பனார் காலத்துப் பங்கு

இதைக் கேட்டபோது நமக்கு இது புதிதாகத் தெரியவில்லை. நம் தகப்பனாருக்கு மேலப்பாளையத்தில் ஒரு பாய் சிநேகிதராக இருந்தார். வட்டி வாங்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார். பிசான அறுவடை நேரத்தில் நம் தகப்பனார் முதல் போடுவார். பாய் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று களம் களமாகப் போய் நெல் பிடிப்பார். விற்று முடிந்ததும் லாபத்தில் பாதிக்குப் பாதி. பஸ் டிக்கெட்டைக்கூடச் சிட்டையில் ஒட்டி வைத்திருப்பார். ராத்திரி எட்டு மணிக்கு மண்டிக்கு வந்து அன்றைய சிட்டையைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

ஒரு வருஷம் பிடித்த நெல் விலை சட்டென்று இறங்கிவிட்டது. முதலில் 4,000 ரூபாய் குறைந்தது. அன்றைக்கு அது பெரிய தொகை. பாய் வந்து தலை குனிந்து நின்றார். நம் தகப்பனார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "முதல் எனக்குக் குறைஞ்சுது, மூணு மாச உழைப்பு உங்களுக்குக் குறைஞ்சுது. கணக்கு நேராயிட்டு. அடுத்த பூவுக்குப் பாப்போம்." அடுத்த பூவிலும் அவர்கள் சேர்ந்தே வியாபாரம் செய்தார்கள். முதாரபா என்ற சொல் நம் தகப்பனாருக்குத் தெரியாது. ஆனால் அதைத்தான் அவர் செய்திருக்கிறார்.

ஆனால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். அதே முறையை நம்பி, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நாமும் ஒருவருக்கு எண்ணெய் வியாபாரத்துக்கு முதல் கொடுத்தோம். பேர் வேண்டாம். முதல் ஆறு மாதம் லாபம் வந்தது. பிறகு மாதா மாதம் நஷ்டக் கணக்கு வந்தது. டின் ஒழுகல், லாரி வாடகை, வசூலாகாத பாக்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. கடைசியில்தான் தெரிந்தது, அவரிடம் இரண்டு பேரேடு இருந்தது. ஒன்று நமக்குக் காட்ட, ஒன்று அவருக்கு. முதலுக்கே மோசம் வந்த பிறகுதான் விலகினோம்.

பங்கு முறை ஏன் பரவவில்லை என்பதற்குப் பொருளாதார அறிஞர்கள் சொல்லும் காரணமும் இதுதான். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கெடுகிறது என்று 1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் வியாபாரத்தை உதாரணமாக வைத்து எழுதினார். இந்த வகை ஆராய்ச்சிக்காக 2001இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கடனிலும் அதே சிக்கல்தான். தொழிலின் உண்மை நிலை உழைக்கிறவனுக்குத்தான் தெரியும், பணம் போட்டவனுக்குத் தெரியாது. லாபத்தைக் குறைத்துக் காட்டினால் பங்கு குறையும் என்றால், குறைத்துக் காட்டவே மனம் போகும். வட்டிக்குக் கொடுக்கிறவனுக்கு இந்தக் கவலை இல்லை. எவ்வளவு லாபம் என்று அவன் கேட்பதில்லை. தேதி வந்ததும் கையை நீட்டுகிறான்.

ரொக்க விலையும் கடன் விலையும்

ஆகவே நடைமுறைக்கு வந்தபோது இஸ்லாமிய வங்கிகள் பங்கு முறையைக் கொஞ்சமாகவும், முராபஹா என்ற இன்னொரு முறையை அதிகமாகவும் கையாண்டன. வாடிக்கையாளருக்கு வேண்டிய சரக்கை வங்கியே வாங்கி, தன் லாபத்தைச் சொல்லி, கூடுதல் விலைக்குத் தவணையில் விற்பதுதான் முராபஹா.

இதைப் படித்ததும் நமக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தானே மண்டியில் தினமும் செய்கிறோம்! ஒரு மூட்டை அரிசி ரொக்கத்துக்கு 1,400 ரூபாய், முப்பது நாள் கடனுக்கு 1,428 ரூபாய் என்று விலை சொல்லாத மொத்த வியாபாரி யார்? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. முப்பது நாள் அறுபதானால் நாம் இன்னொரு 28 ரூபாயைச் சேர்க்கிறோம், தொண்ணூறானால் இன்னும் சேர்க்கிறோம். முராபஹாவில் ஒருமுறை பேசிய விலை பேசியதுதான். தவணை தவறினால் விலையை ஏற்றக் கூடாது. அபராதம் போட்டாலும் அந்தப் பணம் தர்மத்துக்குப் போக வேண்டும், விற்றவர் லாபத்தில் சேரக் கூடாது. சரக்கை விற்று லாபம் பார்ப்பது வேறு, ஒருவன் தாமதத்தை விற்று லாபம் பார்ப்பது வேறு என்று அவர்கள் கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நாம் நிற்கிறோம் என்று ஒவ்வொருவரும் தம் பேரேட்டைப் பார்த்துக்கொள்ளலாம். நாமும் தாமதத்துக்கு நூற்றுக்கு இரண்டு போட்டவர்கள்தான் என்பதை ஒளிக்கவில்லை.

எதிர்க் கருத்தும் உண்டு. அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் திமூர் குரான் என்ற துருக்கி நாட்டு வம்சாவளி அறிஞர், இந்த வங்கிகள் பெயரை மாற்றி வட்டியைத்தான் வாங்குகின்றன என்று 2004இல் ஒரு நூலே எழுதினார். முராபஹாவின் லாப விகிதம் ஊரிலுள்ள வட்டி விகிதத்தை ஒட்டியே ஏறி இறங்குகிறது என்பது அவர் போன்றவர்களின் குற்றச்சாட்டு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது.

சித்தீகியின் மீது நமக்கு மதிப்பு கூடியது இந்த இடத்தில்தான். தான் வளர்த்த பிள்ளை என்பதற்காக அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. தவர்ருக் என்று ஒரு முறை சில வங்கிகளில் பரவியது. பணம் தேவைப்படுகிறவர் ஒரு சரக்கைத் தவணைக்கு வாங்கி, உடனே குறைந்த விலைக்கு ரொக்கமாக விற்றுவிடுவார். அவருக்குச் சரக்கு வேண்டியதில்லை, ரொக்கம்தான் வேண்டும். காகிதத்தில் அது வியாபாரம், உண்மையில் அது கடன். 2007இல் எழுதிய கட்டுரையில் சித்தீகி இதனால் வரும் கேடு நன்மையைவிட அதிகம் என்று நேரடியாகவே சொன்னார். கடன் பெருகுகிறது, அதற்கு ஈடாக ஊரில் ஒரு பொருளும் பெருகவில்லை என்பது அவருடைய வாதம்.

தவர்ருக் என்றால் நமக்குப் புரியாது. ஆனால் அந்தக் காரியம் நமக்கு நன்றாகவே தெரியும். ஒரு கடைக்காரர் திடீரென்று வழக்கத்தைவிட மும்மடங்கு எண்ணெய், சீனி கடனில் எடுக்கிறார். அன்றைக்கே அதை வேறொரு கடைக்கு அடக்க விலைக்கும் கீழே தள்ளிவிடுகிறார். அவர் யாருக்கோ வட்டி கட்டப் பணம் திரட்டுகிறார் என்று பொருள். ஆறு மாதத்தில் அந்தக் கடைக்குப் பூட்டு விழும், நம் பாக்கியும் அதற்குள் போய்விடும். மண்டியில் உட்கார்ந்திருக்கும் நாம் அனுபவத்தில் கண்டதை அவர் ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்.

நம் நாட்டில் என்ன நிலை?

வெளிநாடுகளில் இம்முறை வேரூன்றிவிட்டது. மலேசியாவில் 1983இல் முதல் இஸ்லாமிய வங்கி தொடங்கியது. இலங்கையில் 2011இல் அமானா வங்கி முழுமையாக இம்முறையில் இயங்கத் தொடங்கியது. இந்தியாவில் நிலை வேறு. 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டப்படி வங்கி நேரடியாகச் சரக்கு வாங்கி விற்க முடியாது. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் வட்டியில்லா வங்கிச் சேவைக்கு இடம் தரலாம் என்று பரிந்துரைத்தது. 2015இல் தீபக் மொகந்தி குழுவும் ஏறக்குறைய அதையே சொன்னது. ஆனால் 2017இல் ரிசர்வ் வங்கி இந்த யோசனையை மேற்கொண்டு தொடர்வதில்லை என்று முடிவு செய்துவிட்டது. ஆகவே வங்கியாக இது இப்போதைக்கு இங்கே வரப்போவதில்லை.

சட்டத்தின் வாசல் அடைத்திருக்கும்போது பக்கத்துச் சந்தில் யார் யாரோ புகுந்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் வட்டியில்லை, ஹலால் லாபம் என்று சொல்லிப் பணம் திரட்டி 2019இல் சரிந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. மாதா மாதம் தவறாமல் நல்ல லாபம் வருகிறது என்றால் அது என்ன வியாபாரம் என்று போட்டவர்கள் கேட்டிருக்க வேண்டும். லாபம் ஒரு மாதம் போல் இன்னொரு மாதம் வராது என்பது பெட்டிக் கடைக்காரருக்குக்கூடத் தெரியும். இது ஒரு மதத்தாருக்கு மட்டும் நேர்ந்த மோசமல்ல. 1998இல் சென்னையில் தேக்கு மரத் திட்டம் என்று சொல்லி அனுபவ் நிறுவனம் சரிந்தபோது ஏமாந்தவர்கள் எல்லா ஊரிலும் எல்லாச் சாதியிலும் இருந்தார்கள். மதத்தின் பெயரோ மரத்தின் பெயரோ, கணக்கைக் காட்டாதவரிடம் பணத்தைக் கொடுக்கக் கூடாது என்பதே பாடம்.

நம் வாசலில் நிற்கும் ஆபத்து

இதையெல்லாம் எழுதக் காரணம் நம் ஊரின் நிலை. 2017 அக்டோபர் 23ஆம் தேதி நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்து வட்டிக் கொடுமை தாளாமல் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள் தீயில் வெந்தார்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அதிக வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. சட்டம் இருந்தும் தண்டல்காரரின் மோட்டார் சைக்கிள் நம் கடை வீதியில் தினமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சிறு கடைக்காரர் ஏன் அவரிடம் போகிறார்? கணக்கைப் பாருங்கள். 10,000 ரூபாய் என்று எழுதிக் கையில் 8,500 கொடுக்கிறார். நாளுக்கு 100 வீதம் நூறு நாளில் 10,000 வசூல். கடன் தினமும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடும். இருந்தும் போகிறார். ஏனென்றால் வங்கி மேனேஜர் கேட்கும் காகிதம் அவரிடம் இல்லை. தண்டல்காரர் காகிதம் கேட்பதில்லை, அரை மணி நேரத்தில் பணம் கொடுக்கிறார்.

சித்தீகியின் ஏற்பாட்டில் பங்கு முறையைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. லாபம் எதிர்பார்க்காத சிறு கடன். நம் முஸ்லிம் சகோதரர்கள் அழகிய கடன் என்று சொல்வார்கள். கொடுத்த தொகை மட்டும் திரும்பி வந்தால் போதும். உத்தரப் பிரதேசத்தில் முஸ்லிம் ஃபண்ட் என்ற பெயரில் நகையை ஈடாக வாங்கிக்கொண்டு, வட்டியில்லாமல், படிவச் செலவை மட்டும் வாங்கிக் கடன் கொடுக்கும் அமைப்புகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. பங்கு முறை தடுக்கிய இடத்தில் இது தடுக்கவில்லை. ஏனென்றால் இதில் கடைக்காரரின் லாபக் கணக்கைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆளைத் தெரிந்தால் போதும். நம் சங்கத்துக்கு ஆளைத் தெரியும்.

மகமையை நினைப்போம்

இதற்கு நாம் அலிகார் வரை போக வேண்டியதில்லை. நம் முன்னோர் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துத்தான் பள்ளிக்கூடமும் சத்திரமும் கட்டினார்கள். தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கியாகத் தொடங்கி, 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறிய வங்கியும் வணிகர்கள் சேர்ந்து ஊன்றிய மரம்தான். சேர்ந்து முதல் திரட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். கடைக்கு நாளொன்றுக்கு 10 ரூபாய் மகமை. 300 கடைகள் சேர்ந்தால் மாதம் 90,000, ஆண்டுக்கு 10,80,000 ரூபாய். ஒரு கடைக்கு 25,000 வீதம் வட்டியில்லாமல் கொடுத்தால் 43 கடைகளுக்குக் கொடுக்கலாம். பத்து மாதத் தவணையில் மாதம் 2,500 திரும்பி வரும். வந்த பணம் அடுத்த கடைக்குப் போகும். இரண்டு உறுப்பினர்கள் ஜாமீன் நிற்க வேண்டும். எழுத்துச் செலவு தவிர வேறொன்றும் வாங்கக் கூடாது. வெள்ளம், தீ போன்ற இடர் வந்தால் தவணையைத் தள்ளி வைக்கலாம், தொகை கூடாது.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, மகமை என்பது கொடுத்துவிட்ட பணம். திருப்பித் தருகிறோம் என்றோ, லாபம் தருகிறோம் என்றோ சொல்லி யாரிடமும் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2019 முதல் இருக்கிறது. ஆடிட்டரையும் வக்கீலையும் கலந்து, முறையாகப் பதிவு செய்த பிறகே தொடங்க வேண்டும். இரண்டாவது, வரவு செலவை மாதந்தோறும் சங்கக் கட்டடத்தின் பலகையில் ஒட்ட வேண்டும். மூன்றாவது, நிர்வாகிகளுக்கும் அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கும் இதில் கடன் கிடையாது. இந்த மூன்றாவதில் கண்டிப்பு இல்லையென்றால் ஆரம்பிக்காமல் இருப்பதே மேல்.

கடைசியாக மொத்த வியாபாரிகளுக்கு, நம்மையும் சேர்த்து, ஒரு வார்த்தை. பங்கு முறை இந்த நாட்டில் பெரிதாக வராமல் போனதற்கு ரிசர்வ் வங்கியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாளைக்கே சட்டம் அனுமதித்தாலும், நம்மோடு பங்கு சேர எவர் வருவார்? வந்தவர் முதலில் கேட்பது பேரேட்டைத்தான். ஜி.எஸ்.டி. வந்த பிறகு பில் புத்தகம் ஓரளவு நேரானது உண்மை. ஆனால் வரிக்காரருக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, அண்ணன் தம்பிக்கு ஒன்று என்று கணக்கு வைக்கும் பழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. உண்மைக் கணக்கு இல்லாத இடத்தில் வட்டிக்காரன்தான் வருவான். அவனுக்குத்தான் கணக்கு வேண்டியதில்லை. மேலப்பாளையத்துப் பாயின் சிட்டையில் ஒட்டியிருந்த பஸ் டிக்கெட்டுதான் நம் தகப்பனாரை நஷ்டத்திலும் அவரோடு நிறுத்தியது.

வெள்ளத்துக்குப் பிறகு நாம் செய்தது சிறிய காரியம். பாதிக்கப்பட்ட கடைகளின் பழைய பாக்கிக்கு மூன்று மாதம் தாமத வட்டி போடவில்லை. புதிய சரக்கை ரொக்க விலைக்கே கடனாகக் கொடுத்தோம். அதனால் நமக்கு வரவு குறைந்தது, ஆனால் மண்டி மூழ்கிவிடவில்லை. முன்னே சொன்ன அந்தத் தம்பி 20 மூட்டை அரிசியோடு கடையைத் திரும்பத் திறந்தார். சித்திரை மாதத்துக்குள் நம் பாக்கி முழுவதையும் கொடுத்துவிட்டார். தண்டல்காரருக்குக் கொடுக்க மட்டும் மனைவியின் செயினை விற்க வேண்டியிருந்தது. அன்று சங்கத்தில் ஒரு மகமை நிதி இருந்திருந்தால் அந்தச் செயின் இன்று அந்தப் பெண்ணின் கழுத்தில் இருந்திருக்கும்.

வருகிற பொதுக்குழுவில் இந்த யோசனையை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுத வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு முடிவு எடுப்போம்.